சுரங்கத்திலிருந்து வந்த கோல்காரன்

இன்று காலை அஜ்மானில் மழை. பஸ்ஸுக்கு நின்றதில் என் ஆபீஸ் ஷூ இரண்டும் ஊறிவிட்டன. ஈரத் தோலின் வாடை மூக்கில் ஏறியதும், துபாய் ஜெபல் அலி லேபர் கேம்ப்பில் நம் ரூம் வாசலில் நீ ஒரு பந்தை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

தப்பு என்னுடையதுதான். நூறு வருஷத்துக்கு முன் கால்பந்து ஆடிய ஓர் இங்கிலீஷ்காரனைப் பற்றிப் போனில் வாசித்து, உனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஆட வந்தவன். சீசனுக்குச் சீசன் கோலாகப் போட்டுத் தள்ளியவன். மழையில் தோல் பந்து கல்லாய்க் கனக்கும், அதையும் தலையால் முட்டி வலைக்குள் அனுப்புவான் என்றேன்.

"ஏலே எம்.ஏ., சும்மா அளக்காத," என்றாய். என் படிப்பைச் சொல்லிக் கூப்பிட்டே என்னைக் கிண்டல் செய்தவன் நீ ஒருவன்தான்.

இந்த ஊரில் மழைக்கு எங்கே போவது? கராச்சிக்கார டிரைவரிடம் ஒரு பழைய தோல் பந்தை வாங்கி, வியாழக்கிழமை டூட்டிக்குப் போகுமுன் வாளியில் அமுக்கி, மேலே கல் வைத்து ஊறப்போட்டாய். திரும்பி வந்ததும் என்னை எறியச் சொல்லி முட்டினாய். ஒரே முட்டுதான், தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாய். பந்தின் தையல் உன் நெற்றியில் அப்படியே பதிந்திருந்தது.

"இதையாலே வருஷக்கணக்கா முட்டினான்? மனுசனா அவன்!"

உன்னை மனசுக்குள் மெச்சினேன். யாரையும் லேசில் மெச்சுகிறவன் இல்லை நான்.

மறுநாள் இன்னொரு கம்பெனி அணியோடு மேட்ச். நன்றாக ஆடுகிறவனுக்கு எதிர் கம்பெனி மேனேஜர் தன் ஸ்டோரில் வேலை தருவார் என்பது கேம்ப் முழுக்கத் தெரியும். ஆறு வருஷமாக வெயிலில் சாரம் கட்டிய உனக்குக் கீழே இறங்க இருந்த ஒரே வழி அது. வீங்கிய நெற்றியோடு மூன்று கோல் போட்டாய், ஒன்று தலையால். மேனேஜர் கைதட்டினார். பிறகு தன் ஊர்க்காரன் ஒருவனை எடுத்துக்கொண்டார். அந்த ஆளை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அத்தனை கோல் போட்ட அந்த இங்கிலீஷ்காரனை நாட்டு அணிக்கு ஏதோ சில தடவை மட்டும் கூப்பிட்ட அந்தக் காலத்துப் பெரியமனிதர்களையும்தான்.

ரூமுக்கு வந்து படுத்தவன் கேட்டாய்: "ஆட்டத்த விட்ட பொறவு அவன் என்னலே ஆனான்?"

விடிந்தால் நீ மறுபடி சாரத்தில் ஏற வேண்டும். போனில் அடுத்த வரி, சுரங்கத்துக்கே திரும்பினார் என்றது.

"நெட் போயிருச்சு," என்று அணைத்துவிட்டேன். நீ மறுபடி கேட்கவில்லை. பிறகு உன்னை ஓமானில் சோஹார் சைட்டுக்கு மாற்றினார்கள். அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டாய்.

உன் சாவுச் சேதி வந்த வாரம்தான் மிச்சத்தை வாசித்தேன். திரும்பியவன் சுரங்கத் தொழிலாளர் அணியில் சேர்ந்திருக்கிறான். தலை நரைத்த பிறகும் சனிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்து, கரி போகாத முகத்தோடு ஆடியிருக்கிறான். கோலும் போட்டிருக்கிறான்.

எல்லாம் கசப்பில்தான் முடியும் என்று நினைக்கிற புத்தி எனக்கு, அதனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தினேன். இன்னும் நாலு வரி வாசித்திருந்தால் நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அப்படிப் போடுலே!" என்று கத்தியிருப்பாய். மேனேஜரைவிட இப்போது என்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அந்த நாலு வரியும் எனக்கு மனப்பாடம். சொல்லத்தான் ஆளில்லை.