பட்டியலில் விட்டுவைத்த தம்பியின் பெயர்

என் அன்பு அப்பா,

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ரங்கூனில், க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால் உள்ள அதே அறையிலிருந்துதான் எழுதுகிறேன். நல்ல சேதி ஒன்றும் இல்லை. இருந்தால் முன்பே எழுதியிருப்பேன்.

ஆற்றுக்கு அக்கரையில், டாலா தாண்டி, த்வாண்டே போகும் வழியில் இருக்கும் நம் ஊரில் இப்போது அடுப்பெரிவது ஒன்பது வீடுகளில்தான். வாலிபர் ஒருவர்கூட இல்லை. சுற்றிலும் தட்டையான வயல், யார் வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும் என்று பெருமையாகச் சொல்வீர்களே. பட்டாளத்துக்குப் பயந்து ஓடுகிறவனும் அப்படித்தான் தெரிகிறான் அப்பா. ஒளிய ஒரு மரம் கிடையாது.

பத்துவீட்டுத் தலைவராக இருந்தவரை, பிழைக்கப் போனவன் பெயரைக்கூட நீங்கள் ஊர்க் குடும்பப் பட்டியலிலிருந்து எடுக்க விட்டதில்லை. ஆள் குறைந்தால் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள், கோயில் நிலம் போய்விடும் என்று பயம். அதனால் ரங்கூனில் தூங்கி எழுந்தாலும் எல்லாரும் காகிதத்தில் ஊர்க்காரர்கள்.

உங்கள் காரியம் முடிந்ததும், உங்கள் பெயரை நீக்க ராணியக்காவிடம் போனேன். உங்களுக்குப் பின் பட்டியலைப் பார்த்துக்கொண்டவர் அவர்தானே.

"மூர்த்தியும் உன்கூடத்தானே இருக்கான்? தம்பி பேரையும் ரங்கூனுக்கு மாத்திடு புள்ள. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போறதா பேசிக்கிறாங்க," என்றார்.

"வேணாங்க்கா. அப்பா பேரோட அவன் பேரும் போயிட்டா வீடு யார் பேர்ல நிக்கும்?" என்றேன். நான் யோசித்தது அவ்வளவுதான்.

அப்புறம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். நம் ஊருக்கு ஓர் ஆள். பட்டாள வயதில் காகிதத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். மூர்த்தி பெயர் வந்தது. ரங்கூன் பட்டியலில், அத்தனை சீட்டுக்கு நடுவில், தப்பியிருப்பானோ?

"என் பேரை மாத்தச் சொல்லலையாக்கா?" என்று கேட்டான்.

"சொன்னேன்டா. ராணியக்காதான் மறந்துட்டாங்க."

எனக்கு வாய் கூசவில்லை. "நான் ஓடுனா உன்னைப் பிடிச்சு வச்சுக்குவாங்க," என்று சொல்லிவிட்டு அவனாகவே போனான்.

கேட்டவர்கள் வாய்வழி என் பொய் ஆற்றைக் கடந்து ஊருக்குப் போனது. ராணியக்கா தெரிந்தேதான் விட்டார், ஆள்பிடிக்கத் துணைபோனவர் என்று பேச்சாகிவிட்டது. இன்றைய நிலைமையில், பட்டாளத்துக்கு ஆள் காட்டியவர் என்ற பேச்சுக்கே ஆட்களைக் கொன்றிருக்கிறார்கள். வீட்டின் மேல் கல் விழுந்தது. ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரில் பத்தாவது அடுப்பு அவருடையது.

போன வாரம் மூர்த்தி யாருடைய போனிலிருந்தோ பேசினான். வடக்கே எங்கோ இருக்கிறானாம்.

"ராணியக்காவத் திட்டாதக்கா. வயசானவங்க, மறந்திருப்பாங்க. எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்லிடு," என்றான். அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

கட்டானதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெற்றவரிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டேன்.

உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் வேண்டாம் என்று சொன்னது என் வாய்தான்.

ஞாயிற்றுக்கிழமை படகேறி ஊருக்குப் போகிறேன். ஒன்பது வாசலிலும் நின்று நடந்ததைச் சொல்வேன். ராணியக்காவைத் தேடுவேன். மூர்த்தி மறுபடி பேசினால், சாப்பிட்டாயா என்று கேட்கும் முன்பே இதைச் சொல்வேன். அதற்குப் பிறகு அவன் பேசாமலே போனாலும் சரி.

உங்கள் மகள்,
அவன் இன்னும் அக்கா என்று கூப்பிடுகிற
செல்வி