வழியில் நிறுத்துவீர்களா?

மார்ச் 4, செவ்வாய்

மகள் விமான டிக்கெட் அனுப்பிவிட்டாள். எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அவளுடைய பரிசு. ஏரிக்கரை ஊரில் நான்கு நாள் விடுமுறை.

"அப்பாகிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்வார். அதான் கேக்கல" என்றாள்.

சரியான முறைதான். வகுப்பில் ஒருவனைப் பாடச் சொன்னால் பாடமாட்டான். பாடுகிறவர்கள் பட்டியலில் அவன் பெயரைப் பலகையில் எழுதிவிட்டால் பாடிவிடுவான்.

இவர் போனை வாங்கி டிக்கெட்டை நிதானமாகப் படித்தார். "ஏரி ஊர்ல ஏர்போர்ட் இல்லையே?" என்றார். இல்லை. விமானம் இறங்குவது பெரிய நகரத்தில். அங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு ஐந்து மணி நேரம் சாலை.

"அஞ்சு மணி நேரமா" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அது நேற்றைய தாள்.

மார்ச் 5, புதன்

இதை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இவர் குடிநீர் வாரியத்தில் இருந்தவர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு நேரம் என்று இவர் சொன்னால்தான் குழாயில் வரும். ஒரு ஊரையே முறைவைத்துத் திறந்து மூடியவருக்கு இப்போது முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டியிருக்கிறது. தாமதித்தால் நிற்பதில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "இந்த வயசுல ஆம்பளைங்களுக்கு ரொம்ப சகஜம் சார்" என்றார். இவருக்கு அந்த வார்த்தைதான் ஆறவில்லை. "எனக்கு வந்தா சகஜமா?" என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

மூன்று வருடமாக வெளியூர் போகவில்லை. பக்கத்துக் கடைக்குப் போவதானாலும் அதற்கு முன் தண்ணீர் குடிப்பதில்லை. சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போகாமல், காய்ச்சல் என்று என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கொழுந்தனார், "அண்ணி, எங்க வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதுன்னு அண்ணன் முடிவே பண்ணிட்டாரா?" என்று கேட்டார். அதற்கு விடை எனக்குத் தெரியும். சொல்லத்தான் அனுமதி இல்லை. யாரிடமும் மூச்சு விடக் கூடாது, மகளிடம்கூடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அதன்பிறகு கொழுந்தனார் போன் செய்வதில்லை.

இந்தப் பயணமும் கெட்டுப்போனால் அவ்வளவுதான். இவரும் அந்தக் கூடத்து நாற்காலியும் ஒரே சாமானாகிவிடுவார்கள்.

மார்ச் 6, வியாழன்

ஏர்போர்ட்டிலிருந்து ஏரி ஊருக்குத் தனி கார் பதிவு செய்யப்போகிறேன் என்று மகளிடம் சொன்னேன்.

"எதுக்கும்மா? பஸ் அழகா போகுதே. நடுவுல ஒரு தடவை நிறுத்துவான்."

அந்த ஒரு தடவைதான் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது? "எனக்குப் பஸ்ல தலை சுத்தும்" என்றேன்.

"யாருக்கு? ஸ்கூல் டூர்ல பஸ்ஸோட முன் சீட்ல திரும்பி உக்காந்து, மலை ஏறி இறங்கற வரைக்கும் கை தட்டிப் பாடின ஆளுக்கா?"

"அதுல சுத்தினதுதான்."

இவர் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தார். நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. சொன்ன மாதிரிதான் இருந்தது.

மார்ச் 8, சனி

மூன்று கார் நிறுவனங்களுக்கு ஒரே கேள்வியை அனுப்பியிருந்தேன். ஒரு பிள்ளை எப்படி என்று அறிய ஒரே வினாவை நான்கு பேரிடம் கேட்க வேண்டும் என்பது என் அனுபவம். வினா: "வழியில் நாங்கள் கேட்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்துவீர்களா?" காரணம் எழுதவில்லை.

முதல் நிறுவனம்: "வணக்கம் மேடம்! உங்கள் மகிழ்ச்சியே எங்கள் லட்சியம்! குளிர்சாதன வசதி, சொகுசு இருக்கை, இனிய இசை!" ஒளிச்சேர்க்கை பற்றிக் கேட்டால் சூரியனைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதும் பையன் இவன். வினாவைத் தொடவே இல்லை. கையெழுத்துக்காகப் பத்துக்கு மூன்று.

இரண்டாவது: "ஒரு நிறுத்தம் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனிக் கட்டணம்." சரியான விடை. மனசு இல்லை. ஏழு.

மூன்றாவது: "எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் அம்மா. எங்கள் டிரைவரும் வழியில் சில இடங்களில் நிறுத்துவார். உங்களுக்குச் சம்மதம்தானே?" முதல் வரிக்கே முழு மதிப்பெண் போட்டிருப்பேன். இரண்டாம் வரி தேவையற்றது. கேட்காத கேள்விக்கு விடை எழுதியதற்காக இரண்டு குறைத்தேன். எட்டு.

முதலிடம் அவர்களுக்குத்தான். சம்மதம் என்று எழுதிப் பதிவு செய்யச் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

மதிப்பெண்களை மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டேன். பழக்கதோஷம்.

மார்ச் 10, திங்கள்

மூன்று வாங்கிய நிறுவனம், "உங்கள் மேலான பாராட்டுக்கு நன்றி மேடம்" என்று பதில் போட்டிருக்கிறது.

மார்ச் 12, புதன்

பதிவுப் படிவத்தை இன்று போனில் நிரப்பினேன். "முதன்மைப் பயணி" என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

இவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஓஹோ. நீங்க முதன்மை. அப்ப நான் துணைப்பாடமா டீச்சரம்மா?" என்றார். மூன்று நாளில் முதல் ஜோக்.

கடைசியில் ஒரு கட்டம். "சிறப்புத் தேவைகள் ஏதேனும்?"

"அதுல எதையும் எழுதாத."

"எழுதல."

"ஏன், எழுதற மாதிரி என்ன இருக்கு?"

காலியாகவே விட்டு அனுப்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

என் கைப்பையின் அடியில் இவருடைய கறுப்பு பேண்ட் ஒன்றை மடித்து வைத்தேன். இவருக்குத் தெரியாது.

மார்ச் 19, புதன், ஏரி ஊர்

வந்து சேர்ந்தோம். இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையிலிருந்து இவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. விமானத்தில் பணிப்பெண் கொடுத்த தம்ளரையும் என் பக்கம் தள்ளிவிட்டார். இரண்டையும் நானே குடித்தேன்.

வெளியே என் பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். வாங்கி நேராகத் திருப்பிக் கொடுத்தேன். அதனால் எங்களுக்குள் உடனே பழக்கமாகிவிட்டது.

நகரத்தைத் தாண்டியதும் இவருடைய வலது முழங்கால் ஆட ஆரம்பித்தது. நான் பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். முதலில் தலைசுற்றல், அடுத்து போட்டோ, பிறகு மறுபடி தலைசுற்றல். வாயைத் திறப்பதற்குள் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அம்மா, அஞ்சு நிமிஷம் நிறுத்திக்கட்டுமா? பெட்ரோல் போடணும்" என்றார்.

"தாராளமா" என்றேன்.

பங்க் வந்ததும் அவர் இறங்கி வேகமாக உள்ளே போனார். "சும்மா காலை நீட்டிட்டு வரேன்" என்று இவரும் போனார். இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். வண்டி கிளம்பியது. பெட்ரோல் யாரும் போடவில்லை.

பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். டாங்க் நிறைந்துதான் இருந்தது.

அடுத்த முறை டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று நிறுத்தினார். டயர் பக்கமே போகவில்லை. அதற்கடுத்து, ஒரு போன் பேச வேண்டும் என்றார். போன் முன் இருக்கையிலேயே கிடந்தது. ஒவ்வொரு முறையும் இவருடைய முழங்கால் ஆட ஆரம்பிக்கும் நேரத்துக்குச் சரியாக.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் காரணம் எழுதவே இல்லை. கண்ணாடியில் பார்த்தே புரிந்துகொண்டு, ஒரு மனிதனின் மானம் போகாமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லித்தர முடியாது.

நான்காவது நிறுத்தத்திலிருந்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். இவர் நேராக முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். பின்னால் நானும் கைப்பையும்தான்.

"வால்வு தேஞ்சுபோச்சுன்னா அடைச்சும் நிக்காது தம்பி. முப்பது வருஷம் பாத்திருக்கேன்" என்று இவர்.

"வண்டின்னா வாஷர் மாத்தலாம் சார். நமக்கு என்ன பண்றது?" என்று அவர்.

இருவரும் சிரித்தார்கள். மூன்று வருடமாக என்னிடம்கூட "அது" என்றே சொல்லிவந்தவர்.

அறைக்கு வந்ததும், "பாவம் அந்த ஆளு. இந்த வயசுலயே. அவரு கூச்சப்படக் கூடாதுன்னுதான் நானே என் விஷயத்தைச் சொன்னேன்" என்றார்.

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். டிரைவருக்குப் பத்துக்குப் பத்து.

என் கைப்பையைத் திறந்தபோது கறுப்பு பேண்ட் வெளியே வந்துவிட்டது. இவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் தோள்பையைத் திறந்தார். உள்ளே இன்னொரு கறுப்பு பேண்ட். கட்டிலின் மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் கசங்கக்கூட இல்லை.

மார்ச் 20, வியாழன்

ஏரி நன்றாக இருக்கிறது. படகுத்துறையில் கழிவறை எங்கே இருக்கிறது என்று இவர் டிக்கெட் கொடுப்பவரிடம் வாய்விட்டுக் கேட்டார். அவர் கையை நீட்டிக் காட்டினார். உலகம் இடிந்து விழவில்லை.

மார்ச் 21, வெள்ளி

மழை. சாப்பிட்டோம், தூங்கினோம்.

மார்ச் 23, ஞாயிறு

வீடு வந்தாகிவிட்டது.

திரும்பும்போதும் அதே டிரைவர். இவர் கேட்காமலே முன்னால் ஏறிக்கொண்டார். முதல் நிறுத்தத்தில் டிரைவர் முன்னதாக வந்துவிட்டார். இவர் இன்னும் உள்ளே. நன்றி சொல்ல இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

"நீங்க செஞ்சது பெரிய உதவி. மறக்க மாட்டேன்."

"என்னம்மா செஞ்சேன்?"

"போகும்போது பெட்ரோல், டயர், போன்னு சொல்லிச் சொல்லி நிறுத்தினீங்களே. எங்க வீட்டுக்காரருக்குச் சங்கடம் வராம."

கேள்வித்தாள் மாறி வந்துவிட்ட மாணவனின் முகம் ஒன்று உண்டு. நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"அம்மா... அது எனக்கும்மா."

கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"எனக்குத்தான் அடிக்கடி போகணும். முன்னாடி லாங் பஸ் ஓட்டிட்டிருந்தேன். அம்பது பேரைப் பின்னாடி வெச்சுக்கிட்டு எங்கன்னு நிறுத்தறது? ஒருநாள் நிறுத்தாமலே ஓட்டிட்டேன். அதோட அந்த வேலையை விட்டுட்டேம்மா. இங்க சேரும்போதே ஆபீஸ்ல சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு பயணிகள்கிட்ட முன்னாடியே கேட்டுட்டுத்தான் எனக்கு வண்டி போடும். நிறைய பேர் வேண்டாம்னுடுவாங்க. நீங்க சம்மதம்னு எழுதினீங்களே?"

எழுதினேன். நான்தான் எழுதினேன்.

"அப்ப பெட்ரோல், டயர் எல்லாம் எதுக்குச் சொன்னீங்க?"

"சம்மதம்னு சொன்னவங்ககூட நாலாவது தடவை மொறைப்பாங்கம்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இருங்க, சாருக்கும் நெசமாவே அதானா? நான் வருத்தப்படக் கூடாதுன்னு சார் சும்மா சொல்றாருன்னுல்ல நெனச்சேன். என்ன மனுஷன்டான்னு வீட்ல போய்ச் சொன்னேன்."

இவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன, என்னைப் பத்தியா?" என்றார்.

"பொதுவான பேச்சுதான் சார்" என்றார் டிரைவர்.

விமானத்தில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பாவம்னு. நீ எப்ப என் பேச்சைக் கேட்ட?"

உண்மை. மூன்று பேரில் சரியான விடை இவரிடம் மட்டும்தான் இருந்தது.

மார்ச் 24, திங்கள்

மூன்றாவது நிறுவனத்துக்கு மறுமதிப்பீடு செய்து பத்துக்குப் பத்து என்று அனுப்பினேன். விடையில் குறை இல்லை, திருத்தியவள்தான் சரியாகப் படிக்கவில்லை என்று குறிப்பும் எழுதினேன்.

"நன்றிம்மா. ஸ்கூல்லகூட நான் வாங்கினதில்ல" என்று ஆபீஸ் பெண்ணிடமிருந்து பதில்.

மார்ச் 29, சனி

டிரைவர் இவருக்குப் போன் செய்தார். மாத்திரையின் பெயர் வேண்டுமாம். "டாக்டரைப் பாக்காம எதையும் முழுங்காதீங்க தம்பி. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? ரொம்ப சகஜம்" என்று இவர் அதட்டுவது சமையலறை வரை கேட்டது.

சகஜமாம்.

ஏப்ரல் 5, சனி

டிபன் முடிந்ததும் இவர் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். துணி உலர்த்துகிற மாதிரி நானும் போனேன்.

"டேய், நான்தான். கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னா... காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் இல்ல. இந்த வால்வு இருக்கு பாரு..."

சுற்றி வளைத்து, குடிநீர் வாரியத்தில் ஆரம்பித்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தார். பிறகு கொழுந்தனார் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"இதுக்காண்ணா மூணு வருஷம்? எங்க வீட்ல ஹாலுக்குப் பக்கத்துலயே பாத்ரூம்ண்ணா!"

இவர் கொடியில் இருந்த என் புடவையின் ஓரத்தை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம், தம்பி ஊருக்குப் போக வண்டி கேட்டு இவரே எங்கள் ஊர்க் கார்க்காரர் ஒருவருக்குச் செய்தி அனுப்பினார். ஒற்றை விரலால் தட்ட வெகு நேரம் ஆனது. அனுப்பிய பிறகு எனக்குக் காட்டினார்.

"இரண்டு பேர். ஒருவருக்கு வழியில் அடிக்கடி நிறுத்த வேண்டும். அந்த ஒருவர் நான்."

கேட்காத கேள்விக்கு விடை. மதிப்பெண் குறைக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

வண்டி வாசலில் நிற்கிறது. பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டேன், இதை மட்டும் எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒரு தம்ளர் கொடுத்தேன். முழுவதும் குடித்தார். தம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டார்.