பதிவேட்டில் மாற்றச் சொன்ன சொல்

சங்கரன்கோவில்,
4.6.1979

அன்புள்ள பூமாரிக்கு,

உன் அத்தை எழுதுவது. மருமகளைப் பிறந்த வீட்டுக்கே துரத்திவிட்டேன் என்று உங்கள் ஊர் சிவகிரியில் என்னைப் பற்றிப் பேச்சாம். சந்தைக்கு வந்த முருகம்மாள் சொன்னாள். அது தவறு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது முறை, அனுப்பினேன். குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு ஐந்து மாதமாக நீ வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

இன்று காலை உன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். பதிவேட்டில் உன் பெயருக்கு நேரே ‘டிஸ்கண்டினியூட்’ என்று போட்டிருந்தார்கள். அது படிப்பை விட்டே போனவர்களுக்கு எழுதுவது. ‘இன்டரப்டட்’ என்று மாற்றச் சொன்னேன். நடந்துகொண்டிருந்த காரியம் இடையில் தடைபட்டு, மறுபடியும் தொடரும் என்றிருந்தால் அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டும். கிளார்க் ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு. நின்னது நின்னதுதான ஆச்சி, எந்த இங்கிலீஷ்ல எழுதுனா என்ன, அந்தப் பிள்ள வாரேன்னு ஒங்ககிட்ட சொல்லிச்சா என்று கேட்டான்.

வருவாள், எழுதும் என்றேன். பென்சிலால்தான் எழுதினான். பதினைந்தாம் தேதிக்குள் உன் கைப்பட விண்ணப்பம் வராவிட்டால் அழித்துவிடுவானாம். இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு முறை எழுந்து கடிகாரம் பார்த்துவிட்டேன். பக்கத்துத் தறிச் சத்தம் வேறு. சங்கரபாண்டி, நானே போய் அவளக் கூட்டிட்டு வாரேம்மா என்கிறான். நான் விடவில்லை. புருஷன் வந்து இழுத்துப் போனான் என்று உனக்குத் தோன்றக் கூடாது.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், குழந்தையை நினைத்து, அத்தை, அவன் கை இருக்கே, என்று நீ ஆரம்பித்தாய். ஆனது ஆச்சு, கண்ணத் தொடைட்டி என்று நான் நடுவில் புகுந்தேன். நீ நிறுத்திக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ எதுவுமே பேசவில்லை. ஒருவர் பேச்சில் குறுக்கே புகுந்தால் மன்னிப்புக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து பேசச் சொல்ல வேண்டும் என்று கான்வென்டில் எங்களைப் பழக்கினார்கள். அன்று எனக்கு அது வாயில் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். குழந்தையின் கையைப் பற்றி அன்று நீ சொல்ல வந்ததைத் தனித்தாளில் எழுது. எத்தனை பக்கமானாலும் சரி. நான் பிழை பார்க்க மாட்டேன். உடம்பு தேறி, நீ நன்றாக இருக்க வேண்டும். படிக்க வருவதாக இருந்தாலும், வரப்போவதில்லை என்றாலும், எனக்குத் தபாலில் பதில் எழுது.

ஆசியுடன்,
உன் அத்தை
சங்கரவடிவு