தண்ணீர் வடிந்த பிறகு போனவள்

மழை பிடிக்கும்போதெல்லாம் மனத்தில் வந்து நிற்கும் ஸ்டெல்லா அக்கா,

மாடம்பாக்கம் ஏரி இந்த ஆண்டும் நிரம்பிவிட்டது. சிறுவயதில், ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் கலங்கலில் உன் தாவணியை விரித்து நாம் கெண்டை பிடித்தோமே, நினைவிருக்கிறதா? அம்மா திட்டியபோது, "மீன் தானா வந்து மாட்டிக்கிச்சும்மா" என்று முகம் மாறாமல் சொன்னாய். மழை அன்று உனக்குப் பண்டிகை.

அந்த மழைதான் பல ஆண்டுகள் கழித்து, பெருவெள்ளமாக முடிச்சூரில் உன் வீட்டுக்குள் கழுத்தளவு ஏறியது. மொட்டைமாடியிலிருந்து படகில் உன்னை இறக்கினார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பிழைத்துவிட்டாய் என்று நம்பினோம்.

அதன்பின் வானம் இருண்டாலே நீ மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாய். தூக்கம் போயிற்று. உங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், எதையும் விசாரிக்காமல், பக்கத்து ஏரி உடைந்துவிட்டதென்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஒவ்வொரு முறையும் நீ அரிசி டப்பாவை மாடிக்குத் தூக்கினாய். ஏரி ஒருமுறையும் உடையவில்லை. அடுத்த மழைக்காலத்தில் உன் விலாவில் அக்கி கண்டது. அது ஆறுவதற்குள் நிமோனியா.

டாக்டரிடம் கேட்டேன். சிறுவயதில் வந்த அம்மைக் கிருமி நரம்புக்குள் உறங்கிக் கிடக்குமாம். நெடுநாள் பயமும் தூக்கமின்மையும் உடலின் எதிர்ப்பைத் தளர்த்தினால் அக்கியாக விழித்துக்கொள்ளுமாம். நுரையீரலின் காவலும் தளருமாம். "பயம் மட்டும்தான் காரணம்னு எழுதித் தர முடியாது சார். பயத்துக்குச் சம்பந்தமே இல்லைன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

வெள்ளத்தில் இறந்தவர்களின் படங்களை மேசையில் வைத்துச் சங்கம் ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறது. போன வாரம் உன் படத்தைக் கொண்டுபோனேன். அதே செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவங்க தண்ணில போகலையே சார். நிமோனியா கேஸை இதுல எப்படி சேக்கறது? அப்புறம் சுகரு, பிரஷருன்னு ஆளாளுக்கு ஃபோட்டோவைத் தூக்கினு வந்துடுவாங்க."

சிரித்தார். நான் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யார் அனுப்பிய செய்திகளைப் படித்து நீ படியேறினாய் என்பது அவருக்குத் தெரியாது. எடுத்துச் சொல்லும் அளவுக்கு அவரை நான் மதிக்கவில்லை.

எத்தனை நாளுக்குள் செத்தால் அது வெள்ளச் சாவு, அக்கா? நெஞ்சுக்குள் தேங்கிய தண்ணீர் எப்போது வடிந்ததாகக் கணக்கு?

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டம். மேசையில் உனக்கு இடம் கேட்க மாட்டேன். முதல் வரிசையில், செயலாளருக்கு நேரெதிரே, உன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். யாரென்று கேட்பவர்களிடம் வெள்ளத்தில் போன என் அக்கா என்பேன். ஒவ்வோர் ஆண்டும் உட்காருவேன்.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி எட்வின்