காலியாகத் தொங்கும் முகமூடி

என் செல்ல மகளுக்கு,

நீ தீயணைப்புப் பயிற்சிக்குப் போயிருப்பதால், ஊர்க்கூட்டத்தில் நடந்ததை நானே எழுதுகிறேன். உங்கள் தொண்டர் படைக்குப் புது மூச்சுக்கருவிகள் வாங்கலாமா என்று குரல் ஓட்டுக்கு விட்டார்கள். வருஷா வருஷம் எல்லாச் செலவுக்கும் "வேண்டாம்" என்று கத்துகிறவன் நான்தானே? "வேண்டாம்கிறவங்க சொல்லலாம்" என்றுவிட்டுத் தலைவர் ஹாலிஸ் என்னையே பார்த்தார். நான் மேப்பிள் டோனட்டை மென்றுகொண்டே இருந்தேன்.

"என்னய்யா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. வீட்டுல ஒரு பொண்ணும் இருக்கு. நீ கூட்டத்தை மேல நடத்துய்யா."

கூடமே சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது.

உன் பழைய மூச்சுக்கருவியின் விரிசல் விட்ட முகமூடியைக் கேட்டு வாங்கிச் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அது காலியாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால், எனக்குச் சோறு நிம்மதியாக இறங்குகிறது.

உன் கஞ்சத் தகப்பன்