கண்மாய்ச் சேற்றில் ஐந்து தடங்கள்

திருச்சுழி,
ஐப்பசி 11.

அன்புள்ள மருமகன் காளீஸ்வரனுக்கு, தாய்மாமன் சங்கையா எழுதுவது. இங்கே உன் அம்மா, நான், ஆடுகள் எல்லாரும் நடமாடுகிறோம். ஜெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மழை இன்னும் இறங்கவில்லை. குதிரைவாலியை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறோம். உன் மயிலை ஆடு குட்டி போட்டது. மூன்று என்று எழுதத்தான் கை போனது, இரண்டுதான்.

உன் மேல்கோர்ட்டு வக்கீல் சத்யபிரியாம்மா போன வாரம் என் வீட்டு வாசலுக்கே காரில் வந்தார்கள். ஊரே திரண்டு நின்றது. இவ்வளவு பெரிய வக்கீல் ஒருத்தர் தேடி வருகிற ஆள் இந்த வட்டாரத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? பாலவனத்தம் வரைக்கும் ஆடு காணாமல் போனால் போலீசுக்கு முன்னால் என்னைத்தானே கூப்பிடுவார்கள். தடத்தைக் கூடை போட்டு மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நான் போய்க் கூடையைத் தூக்கிப் பார்த்து ஆளைச் சொல்வேன். இதையெல்லாம் வக்கீலம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

பிறகு அவர்கள் ஒரு விஷயம் சொன்னார்கள். ஆட்டுக்கிடைக்குக் காவல் இருந்த நல்லமுத்துவை நீதான் அடித்துக் கொன்றாய் என்று கீழ்க்கோர்ட்டு முடிவு செய்ததற்கு ஆதாரம் இரண்டே இரண்டுதானாம். ஒன்று என் வாய். இன்னொன்று, கண்மாய்ச் சேற்றில் பிணத்துக்குப் பக்கத்தில் இருந்த தடத்தில் போலீசார் மாவு கரைத்து ஊற்றி எடுத்த அச்சும் உன் காலும் ஒன்றே என்று ஆய்வுக்கூடத்து அதிகாரி கொடுத்த ரிப்போர்ட்டு. அச்சு எடுத்தது மூன்றாம் நாள். சேறு காய்ந்து வெடித்துவிட்டது. வெடித்தால் தடம் சுருங்கும். அதோடு, அச்சை அனுப்பிய கடிதத்திலேயே, தடம் பார்ப்பதில் கைதேர்ந்த சங்கையா இது காளீஸ்வரன் கால்தான் என்று சொல்லிவிட்டார் என எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் அந்த அதிகாரி ஒத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு மனசில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, மருமகனே. சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன்னால், ஆய்வுக்கூடமே சொல்லிவிட்டது என்று போலீசார் சொன்னார்கள். சந்தேகம் போய்விட்டது. அவர் என்னை நம்பி எழுதினார். நான் அவரை நம்பிச் சொன்னேன். நடுவில் உன் காலை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் கண்மாய்க்குக் கூட்டிப்போனார்கள். மடைப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. மடையைக் காட்டுங்கள் என்று முதலில் என்னைச் சேற்றில் இறக்கி நடக்கவிட்டார்கள். பிறகு என்னைக் கரைக்கு அனுப்பிவிட்டு, குமாஸ்தா, டிரைவர், நம் சந்தனம், இன்னொரு ஆள் என்று குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள். ஐந்து தடத்தைக் கூடை போட்டு மூடிவிட்டு, அந்த அச்சின் போட்டோவை என் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு கூடையாகத் தூக்கினேன். நாலாவது கூடையில் மார்பைத் தட்டிச் சொன்னேன், இந்தக் கால்தான், பெருவிரல் விலகி நிற்கிறது பாருங்கள் என்று. குமாஸ்தா மெதுவாக, “அய்யா, இது உங்க காலு” என்றார்.

என் காலை அதில் வைத்துப் பார்த்தேன். அச்சாக உட்கார்ந்தது. வெயிலில் கண் கூசியது என்று அவர்களிடம் சொன்னேன். உன்னிடம் என்ன மறைப்பு? கண் நன்றாகத்தான் தெரிந்தது.

நான் எந்தக் காலத்திலும் தடத்தைப் பார்த்து ஆளைச் சொன்னவன் இல்லை. சுற்றி நிற்கிற முகங்களைப் பார்த்துச் சொன்னவன். எவன் மிரளுகிறான், எவன் மேல் ஊருக்கு ஆத்திரம் என்று பார்த்துவிட்டுக் குனிவேன். நல்லமுத்து செத்துக் கிடந்த அன்றைக்கும் அப்படித்தான். மேய்ச்சல் தகராறில் நீயும் நல்லமுத்துவும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நாலு நாள்கூட ஆகவில்லை. உங்க மருமகன் கால் மாதிரி இல்லையா என்று போலீஸ்காரர் கேட்டார். அத்தனை பேருக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொந்த மருமகன் என்றாலும் மறைக்கமாட்டான் சங்கையா என்று ஊர் பேசும் என்றும் ஒரு நினைப்பு. பேசத்தான் செய்தார்கள். ஒரு மாதம் பேசினார்கள். உனக்கு ஏழு வருஷம் ஆகிவிட்டது.

நான் கூடை தூக்கிய அன்றைக்கு உன் அம்மா தங்கமாரியும் கரையில் நின்றது. கேஸ் முடிந்த நாளிலிருந்து என்னோடு பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் வாய் திறந்தது. “தெரியலைன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே” என்றது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு கூடைகளைப் பொறுக்கி மடைத்தண்ணீரில் கழுவ ஆரம்பித்துவிட்டது.

தடம் பார்க்க எனக்குத் தெரியாது, கோர்ட்டில் நான் சொன்னது உறுதியில்லாத சொல் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள் வக்கீலம்மா. பொய்ச் சாட்சி என்று என் மேல் கேஸ் வந்தாலும் வரலாமாம். மூன்று நாள் அந்தத் தாளைத் தொடவில்லை. நேற்றுக் கையெழுத்துப் போட்டேன். நீதிபதிகள் ஏற்பார்களா என்பது வக்கீலம்மாவுக்கே நிச்சயமில்லை. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை கேஸ் வருகிறது. கூப்பிட்டால் நானே நின்று சொல்வேன். நீ என் கடிதம் எதற்கும் பதில் போட்டதில்லை, இதற்கும் வேண்டாம். கிழிப்பதென்றால் கிழித்துவிடு. ஆனால் வக்கீலம்மா வியாழனுக்கு முன்னால் உன் கையெழுத்துக் கேட்டு ஒரு கட்டுத் தாளோடு வருவார்கள். அதில் என் பெயர் போட்ட தாளும் இருக்கும். என் பெயரைப் பார்த்துவிட்டு முழுக்கட்டையும் தள்ளிவிடாதே, மருமகனே. கையெழுத்துப் போடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
சங்கையா