பல்பை மாற்ற மறுத்த அண்ணனுக்கு

அண்ணே,

சமையல்கட்டு ஜன்னலில் ஒரு பல்பு ஹோல்டர் கிடக்கிறது. பாதி உருகி, ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி இறுகியிருக்கிறது. மூன்று நாளாகியும் கரிந்த வயர் நாற்றம் போகவில்லை. ராஜபாளையத்தில் லாரிக்கு வயரிங் பார்க்கும் உங்கள் கடைக்குள் காலை வைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது இந்த நாற்றம்தான். அதனால்தான் நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழித்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹோல்டர் எங்கள் லாரியுடையது. உருக விட்டவன் என் மகன். ஹெட்லைட்டுக்கும் கீழே இருக்கும் பனி விளக்குக்கும் பெரிய வாட்ஸ் பல்பாக வாங்கிப் பழைய ஹோல்டரிலேயே மாட்டியிருக்கிறான். பனி விளக்குக்கு நீங்கள் போட்டுக் கொடுத்த மஞ்சள் பல்பு குப்பைக்குப் போய்விட்டது. ஹெட்லைட் கண்ணாடி நடுவில் எதிரே வருகிறவன் கண் கூசாமல் இருக்க நீங்கள் வைத்த கறுப்புப் பொட்டையும் சுரண்டி எடுத்துவிட்டான்.

"அது வெளிச்சத்தைத் திங்குதும்மா" என்றான். "எதிர்ல வாரவன் அம்புட்டுப் பேரும் போட்டிருக்கான். நான் மட்டும் அகல் விளக்கு ஏத்திட்டு ஓட்டவா?"

ஒருத்தன் கண்ணைக் குத்தினால் நாமும் குத்துவதா அண்ணே? ஆனாலும் அவன் பாடு என்று விட்டிருந்தேன். போன புரட்டாசிச் சனிக்கிழமை வரைக்கும்தான்.

அன்றைக்கு நாங்கள் ஏழெட்டுப் பெண்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, நம் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்க, விடியுமுன் ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தோம். லேசான தூறல். எதிரே ஒரு லாரி வந்தது. லாரி என்று பிறகுதான் தெரியும், வந்தது வெறும் வெளிச்சம். கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டோம், கால் எங்கே இருக்கிறது, பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பத்தடி தூரத்தில் டயர் தேய்கிற சத்தம். நான்தான் கத்தினேன்:

"ஏலே, எந்த எடுபட்ட பய நீ? டிம் அடிக்கக்கூடக் கை வராதோ? நடந்து போறவ எல்லாம் ஒனக்கு மனுசியாத் தெரியலையா?"

மேலேயிருந்து ஒரு குரல்: "அம்மா?"

பக்கத்து வீட்டுக்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, நீ பெத்த எடுபட்ட பயதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. இறங்கி ஓடி வந்தான். "கிட்டக்க வார வரைக்கும் நீங்க யாரும் தெரியலைம்மா" என்றான்.

அந்தப் பேச்சுதான் என்னை விடவே இல்லை. எங்கள் அத்தனை பேரையும் குருடாக்கிய வெளிச்சத்தில் அவனுக்கு நாங்கள் தெரியவில்லையாம். அடுத்த நடையிலேயே ஹோல்டர் உருகியது. அதைக் கழற்றி ஜன்னலில் எறிந்துவிட்டு, "இது பத்தாது, இன்னும் பெருசா வெள்ளை லைட்டாப் போடணும்" என்கிறான்.

இதே பேச்சை அவிய, அதான் இவன் அப்பா, உங்கள் கடையில் பேசினார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் ஹெட்லைட் பல்பைத் தொடவே இல்லை. ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே படிந்த அழுக்கைத் துடைத்தீர்கள். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தீர்கள். "வெளிச்சம் பல்புல குறையலை மாப்ளே, வார வழியில செத்துப் போகுது" என்றீர்கள். சுவிட்சைப் போட்டால் எதிர்ச் சுவர் பளிச்சென்று இருந்தது. பனி விளக்குக்கு மஞ்சள்தான் என்றும் சொன்னீர்கள். ஆரியங்காவு மலைப் பனியில் வெள்ளை வெளிச்சம் நம் மூஞ்சிக்கே திரும்பி வருமாம்.

அவிய அப்பவும் "பத்தலை" என்றார். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸைக் காட்டினீர்கள்.

"அது எங்க போகுது மாப்ளே, போர்டைப் படி."

"ஸ்ரீவில்லிபுத்தூர்."

"தென்காசி" என்று சொன்னது நான்தான். படிக்கத் தெரியும் என்ற பெருமையில் வாய் முந்திக்கொண்டது. கடையிலிருந்த டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"லாரிக்குக் கண்ணு நல்லாருக்கு. ஒனக்குத்தான் மாத்தணும்" என்றீர்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் அவியளுக்குக்கூட வரவில்லை. "வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. பத்துப் பேருக்கு முன்னால என் புருசனைக் குருடன்னு சொல்ல நீங்க யாரு?" அதற்கு மேலும் பேசினேன், எழுத வெட்கமாக இருக்கிறது. நீங்கள் ஸ்குரூ டிரைவரை எடுத்து வைத்துவிட்டு, "திட்டிக்க தங்கச்சி. திட்டிட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றீர்கள்.

கூட்டிக்கொண்டுதான் போனேன். கண்ணாடி போட்டு அவிய பன்னிரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார். உங்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரோஷம்.

நேற்றுச் சாயங்காலம் மகனை வாசலுக்குக் கூப்பிட்டேன். தெரு முக்கில் பஸ் நின்றது. "படிலே" என்றேன். கலரைப் பார்த்து, "காலேஜ் பஸ், கிருஷ்ணன்கோவில் போகுது" என்றான். அது வ. புதுப்பட்டி போகிற டவுன் பஸ். போன வருஷம் புரை எடுத்த என் கண்ணுக்கே தெரிந்தது.

"ஊர் பூரா சொல்லு, ஒம் மகன் குருடன்னு" என்று கத்தினான். "இந்த வயசுல கண்ணாடி போட்ட டிரைவரை நம்பி எவன் லோடு குடுப்பான்? பெத்தவளா நீ?" இன்னும் என்னென்னவோ சொன்னான். லாரி என் பேரில் இருக்கிறது. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "திட்டிக்கலே. திட்டிட்டு நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது.

விடிந்துவிட்டது. சாவி இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. பொட்டு வைக்கக் கறுப்புப் பெயிண்டும் வாங்கி வைத்துவிட்டேன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான், என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு உங்கள் கடைப்படியை விட்டு நானும் அப்படித்தான் இறங்கினேன் அண்ணே.